நூலகத் தேர்தலுக்கு ஒரு கறுப்புக் கிடா

திருமங்கலம்
6.1.2025

அன்புத் தங்கை தாமரைச்செல்விக்கு அண்ணன் தங்கப்பாண்டி எழுதுவது. இங்கே நானும் உன் மதினி பாண்டிச்செல்வியும் நலம். நீ நலமா என்று கேட்கலாம் என்றால் நீதான் போனை எடுப்பதே இல்லையே!

ஒன்பது நாளாக அடிக்கிறேன். முதலில் ரிங் போனது. இப்போது அதுவும் போகவில்லை. சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் இருந்தும் வெளியேறிவிட்டாய். மாப்பிள்ளை சூரியபிரகாஷுக்கு அடித்தால், "மச்சான், அவ பயங்கரக் கோவத்துல இருக்கா. என்னைய நடுவுல இழுக்காதீங்க" என்று வைத்துவிட்டார். அதனால்தான் இருபது வருஷம் கழித்துப் பேனாவை எடுத்திருக்கிறேன். அமெரிக்காவுக்குக் கடிதம் போட எவ்வளவு ஸ்டாம்பு என்று கேட்டதும் போஸ்ட் ஆபீஸ் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

என்ன தப்பு செய்தேன் தாயி? நீ அமெரிக்காவில் எலெக்‌ஷனில் நிற்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்ன அன்றே கரட்டுக் கருப்புக்கு நேர்ந்துகொண்டேன். மனு ஏற்றதும் ஒரு கிடா, ஜெயித்ததும் ஒரு கிடா. மார்கழி விருந்தில் முதல் வெட்டு என் கிடாதான். ஒரு பொட்டு வெள்ளை இல்லாத கறுப்பு. நம் கோவில் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஆண்களே வெட்டி, ஆண்களே சமைத்து, ஆண்களே சாப்பிடுவது. சாப்பிட்ட இலை காயும்வரைக்கும் பெண்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். இந்த வருஷம் நாலாயிரம் ஆம்பளை சாப்பிட்டான். அத்தனை பேரும் உன் பெயரைச் சொல்லித்தான் சாப்பிட்டான்.

சொல்லாமல் எப்படி இருப்பான்? வாசலில் இருபது அடிக்கு உன் படம் வைத்திருந்தேனே! நீலப் பட்டுப்புடவைப் படம். 'அமெரிக்க நூலகத்துறையின் வருங்காலத் தலைவியே வருக' என்று எழுதி, பின்னால் வெள்ளை மாளிகையும் முன்னால் மீனாட்சி கோபுரமும் போட்டேன். முத்துக்கருப்பன் என்கிற யூடியூப்காரர் வந்து என்னிடம் பேட்டி எடுத்தார். நன்றாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

எந்த அண்ணன் இவ்வளவு செய்வான்? நீ பாராட்டவேண்டாம், போனையாவது எடு. உங்கள் ஊரில் புது ஜனாதிபதி இந்த மாதம் பதவி ஏற்கிறாராமே. இந்நேரம் அவர் காதுக்கும் உன் பெயர் போயிருக்கும்.

அன்புள்ள அண்ணன்,
தங்கப்பாண்டி


வில்லோஃபோர்ட், இல்லினாய்
22.1.2025

அண்ணே,

இனிமேல் கடிதத்திலேயே பேசுவோம். போனில் நான் அழுதால் அது குரூப்புக்குப் போகும், அங்கிருந்து உன் முத்துக்கருப்பனுக்குப் போகும். பேப்பர் என்றால் வீட்டோடு கிடக்கும். இதைப் போட்டோ எடுக்கலாம் என்று தோன்றினால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். அமெரிக்க நூலகத்துறை என்று ஒன்று கிடையாது. இந்த வில்லோஃபோர்டில் பதினெட்டாயிரம் பேர் இருக்கிறோம். எங்கள் ஊர் நூலகத்துக்கு ஏழு பேர் கொண்ட வாரியம். சம்பளம் கிடையாது, கார் கிடையாது, கூட்டத்தில் தருகிற காபியும் ஆறிப்போயிருக்கும். அதில் காலியான ஒரே இடத்துக்கு நானும், கார்ல் என்கிற ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ்காரரும் நிற்கிறோம். ஏப்ரல் ஒன்றாம் தேதி ஓட்டு. ஆமாம், முட்டாள்கள் தினம்தான், சிரிக்காதே. ஜனாதிபதிக்கு என் பெயர் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது.

ஏன் நிற்கிறேன் என்று நீ கேட்கவே இல்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய குடோன்கள் இருக்கின்றன. உலகத்தில் எங்கோ செய்த சாமான் எல்லாம் அங்கே வந்து இறங்கி, வீடு வீடாகப் போகிறது. அதைத் தூக்கி அடுக்குகிறவர்கள் மெக்சிகோக்காரர்கள், காங்கோக்காரர்கள், பர்மாக்காரர்கள். அவர்கள் குடியிருக்கும் இடத்தில் இரண்டே அறையில் ஒரு கிளை நூலகம். சனிக்கிழமைதோறும் அங்கே போய் அவர்களுக்கு விண்ணப்பங்கள் நிரப்பித் தருகிறேன். ஜனாதிபதி மாறிய இந்த வாரம் எல்லோரும் பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பதினோரு வருஷமாக இந்த நாட்டுக் குடியுரிமை உள்ள நானே நேற்று என் பாஸ்போர்ட் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடினேன். அந்தக் கிளையை மூடவேண்டும் என்கிறார் கார்ல். எல்லாம்தான் போனிலேயே இருக்கிறதே என்பது அவர் கட்சி. மூடக்கூடாது என்பது என் கட்சி. இதுதான் மொத்தத் தேர்தல்.

இப்போது உன் பேட்டிக்கு வருகிறேன். அதை இங்கே ஒருவர் தேடிப்பிடித்து, ஆங்கில எழுத்தோடு பார்த்திருக்கிறார். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை, அதுதான் கொடுமை. என் இருபது அடி முகத்துக்குக் கீழே நின்றுகொண்டு நீ சொல்கிறாய்: "பொம்பளைக ஒருத்தர் வரக்கூடாதுங்க. வாசம் பட்டாக்கூட ஒதுங்கிப் போயிரணும்." அதைக் கார்லின் ஆட்கள் படமெடுத்து நோட்டீசாக அடித்து ஊரில் எல்லாத் தபால் பெட்டியிலும் போட்டுவிட்டார்கள். 'இவர் உங்கள் ஓட்டைக் கேட்கிறார். இவருடைய விருந்துக்குப் பெண்கள் வரக்கூடாது.' பக்கத்து வீட்டு டோரத்தி எண்பது வயசுக்காரி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் ஊரில் உன்னை அப்படித்தான் வைத்திருந்தார்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் உண்மை அதுதானே அண்ணே? எனக்கு ஒன்பது வயசு. நீயும் அப்பாவும் விருந்துக்குப் போய்விட்டு வருகிறீர்கள். உன் கையில் கறி வாசம். "எனக்கு?" என்று கேட்டேன். "பொட்டப்பிள்ளைக்குக் கிடையாது, இலை காயட்டும்" என்றாய். இலை காய்ந்த பிறகு அங்கே போய் என்ன செய்ய, இலையையா சாப்பிட? இப்போது எனக்கு நாற்பத்தேழு வயசு. என் பெயரில் கிடா வெட்டி நாலாயிரம் பேர் சாப்பிட்டீர்கள். எனக்கு ஒரு துண்டு இல்லை, ஓட்டும் போச்சு.

வீடியோவை எடுக்கச் சொல். வேறு ஒன்றும் செய்யாதே. கையெடுத்துக் கும்பிடுகிறேன், ஒன்றுமே செய்யாதே.

தாமரை


திருமங்கலம்
7.2.2025

தாமரைக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தது தப்பு. டிராக்டருக்கு ஃபில்டர் வாங்க வந்த ஆள், "என்னண்ணே, வீட்ல எதும் துக்கமா?" என்று கேட்டுவிட்டார். தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த வழக்கத்தை நானா வைத்தேன்? நம் அப்பன் பாட்டன் காலத்தில் இருந்து வருகிறது. பெண்களை ஒதுக்கவேண்டும் என்று அல்ல தாயி, அது அப்படியே இருக்கிறது, நாங்களும் அப்படியே செய்கிறோம். இதைத்தான் உன் மதினியிடமும் சொன்னேன். கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டியது இரண்டாவது தப்பு. "இருபத்தெட்டு வருசமா விருந்துக்குப் போய்ட்டு வந்த ஒங்க சட்டையத் தொவைக்கிறேன். எனக்குக் கறி வாசம் சட்டையிலதான். அவ கேட்டுட்டா, நான் கேக்கல, அம்புட்டுத்தான் வித்தியாசம்" என்றாள். அன்றிலிருந்து மூன்று நாள் வீட்டில் ரசமும் அப்பளமும்தான்.

சரி, நல்ல செய்திக்கு வருகிறேன். முத்துக்கருப்பன் முதலில், "நாலு லட்சம் பேர் பாத்ததுண்ணே, எடுத்தா என் பொழப்பு போயிரும்" என்று முரண்டு பிடித்தார். வீட்டுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். உன் மதினி வந்து எதிரில் நின்றாள். வீடியோவை எடுத்துவிட்டார்.

ஒன்றும் செய்யாதே என்று எழுதியிருந்தாய். ஆனால் அந்த கார்ல் என் தங்கச்சியை நோட்டீஸ் அடித்து அசிங்கப்படுத்துவான், நான் வாயில் விரலை வைத்துக்கொண்டு இருப்பேனா? நீயே சொல். போஸ்டர் அடித்துவிட்டேன். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் இருந்து மதுரை சிம்மக்கல் வரைக்கும் முந்நூறு போஸ்டர். 'வில்லோஃபோர்ட் கார்லே! எங்கள் சகோதரி மீது களங்கம் கற்பிப்பதை வன்மையாகக் கண்டிக்கிறோம்! அமெரிக்காவே பதில் சொல்!' கீழே கண்டிக்கிறவர்கள் பதினான்கு பேர் படம். நான் கூலிங் கிளாஸ் போட்டு நடுவில். கார்லின் படத்தை மூலையில் சின்னதாகத்தான் போட்டேன், பெரிய ஆளாக்கிவிடக் கூடாது பார்.

சிம்மக்கல்லில் ஆட்டோக்காரர்கள் எல்லாம் நின்று படிக்கிறார்கள். "யாருப்பா இந்தக் கார்லு, எந்த வார்டு?" என்று கேட்கிறார்களாம். இனிமேல் அவன் வாலைச் சுருட்டிக்கொள்வான், கவலைப்படாதே.

அண்ணன்


வில்லோஃபோர்ட்
23.2.2025

அண்ணே,

உன்னை என்ன செய்வது? உன் கடிதம் வருவதற்கு முன்பே உன் போஸ்டர் இங்கே வந்துவிட்டது. மதுரையில் இருந்து யாரோ படமெடுத்துப் போட்டு, அது எங்கெங்கோ சுற்றி, போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு போன் வந்தது. கார்ல்! தேர்தல் தொடங்கியதில் இருந்து அவர் என்னிடம் நேராகப் பேசியதே இல்லை. வழக்குப் போடப்போகிறார் என்று நினைத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"தாமரை, என்னைக் கண்டிக்கிற இந்தப் பதினான்கு பேரும் யார்?" என்று கேட்டார். சொன்னேன். "எத்தனை போஸ்டர் ஒட்டினார்கள்?" முந்நூறு இருக்கலாம் என்றேன். பிறகு, "நாற்பது வருஷம் இன்சூரன்ஸ் விற்றேன், என் படத்தை ஒரு சுவரில்கூட யாரும் ஒட்டியதில்லை" என்று சொல்லிச் சிரித்தார். அசல் போஸ்டர் ஒன்று வேண்டுமாம், சட்டம் போட்டு மாட்ட. இன்னொன்றும் கேட்டார். உன் படத்துக்குப் பின்னால் உன் கடை போர்டு தெரிகிறதாம். அவர் தோட்டத்தில் ஓட்டுவது நம் நாட்டில் செய்த சிவப்பு டிராக்டர். அதற்கு எண்ணெய் ஒழுகாமல் அடைக்கிற ஒரு சீல் கிட் வராமல் ஆறு வாரமாகக் காத்திருக்கிறார். உன்னிடம் கிடைக்குமா என்று கேட்டார். நீ கண்டித்த ஆள், உன்னிடமே ஸ்பேர் பார்ட்ஸ் கேட்கிறார்!

சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். ஆனால் வியாழக்கிழமை எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூலகத்தில் வேட்பாளர் கூட்டம். எழுபது நாற்காலியும் நிறைந்து, சுவரோரமும் ஆள். ஒரு பெண் அந்த நோட்டீசோடு எழுந்து, "இந்த விருந்தை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்டாள். அது எங்கள் பண்பாடு, உங்களுக்குப் புரியாது என்று சொல்லும்படி என் பக்கத்து ஆட்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னேன். "இல்லை. ஒன்பது வயசில் இருந்து அந்த விருந்து மேல் எனக்குக் கோபம். என் அண்ணன் என் மேல் வைத்த பாசத்தில் ஒரு கிடா வெட்டினான். என்னைத் தவிர எல்லோரும் சாப்பிட்டார்கள். அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அவன் கழுத்தை நெரிக்கவும் பிடிக்கும்" என்றேன்.

பிறகு டோரத்தி எழுந்தாள். "என் அப்பாவின் கிளப்பில் வெள்ளிக்கிழமைதோறும் மீன் வறுப்பார்கள். பெண்கள் உள்ளே வரக்கூடாது. நானும் அம்மாவும் காரில் உட்கார்ந்து வாசம் பிடிப்போம். அது வேறு எந்த நாட்டிலும் இல்லை, இதே தெருவில்" என்றாள். சபையே சிரித்தது. அந்தக் கிளப்பில் கார்லின் அப்பாவும் உறுப்பினராம். கார்லின் முகம் சிவந்துபோனது.

ஆனால் வெளியே வரும்போது நோட்டீஸ் பெண் என்னை நிறுத்தினாள். "நீங்கள் பேசியது சரி. உங்கள் அண்ணன் என்ன சொல்கிறார்?" என்றாள். உன்னிடமே கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஜெயித்தால் இன்னொரு கிடா என்று நேர்ந்திருக்கிறாய். அதையும் ஆம்பளைகளே சாப்பிடுவதாக இருந்தால் எனக்கு வேண்டாம். நான் தோற்றாலும் பரவாயில்லை, என் பெயரில் அந்தக் கிடாவை வெட்டாதே. உன் பதிலை எனக்கு எழுது. போஸ்டர் வேண்டாம்.

தாமரை


திருமங்கலம்
18.3.2025

அன்புத் தாமரைக்கு,

நீ கேட்ட பதிலை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆகிவிட்டது. பேசிப் பேசி ஓய்ந்து, சமைத்தும் ஓய்ந்துபோனேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பூசாரி பேயாண்டியிடம் போனேன். பயந்துகொண்டுதான் போனேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "மார்கழி விருந்துக்குத்தாண்டா அந்த விதி. அந்த எடத்துக்குத்தான். ஒன் தோட்டத்துல நீ பொம்பளைகளுக்குக் கிடா வெட்டுனா கருப்பு ஏன் கேக்கப்போறாரு? இம்புட்டு நாளா ஒருத்தனும் கேக்கல, நானும் சொல்லல" என்றார். எனக்கு ஒரே வெட்கமாகப் போய்விட்டது.

அப்படியானால் நீ ஜெயித்ததும் தோட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று உன் மதினியிடம் சொன்னேன். "அவ ஜெயிக்கிறதுக்கும் நாங்க சாப்பிடுறதுக்கும் என்ன சம்பந்தம்? தோத்தா பட்டினியா? இந்த ஞாயித்துக்கெழம வைங்க" என்றாள். உன்கூடப் பள்ளியில் படித்த தங்கப்பொண்ணு இப்போது மகளிர் குழுத் தலைவி. அவள் ஒரு பட்டியலோடு வந்துவிட்டாள். வெட்டுவது ஆண்கள், சமைப்பது ஆண்கள். பரிமாறுவது பெண்களே. சமைத்து இறக்கியதும் ஆண்கள் ரோட்டுக்குப் போய்விடவேண்டும். இலை காயும்வரைக்கும் தோட்டத்துக்குள் வரக்கூடாது. உள்ளே இருக்கும் ஆண்களின் போனை எல்லாம் ஒரு சாக்கில் வாங்கிக் கட்டிவிட்டார்கள்.

முந்நூறு பேர் வருவார்கள் என்று மூன்று கிடா வெட்டினோம். தொள்ளாயிரம் பேர் வந்தார்கள்! ஷேர் ஆட்டோவில், டிராக்டரில், திருமங்கலம் டவுன் பஸ்ஸில் என்று வந்துகொண்டே இருந்தார்கள். மேலத்தெரு, கீழத்தெரு, காலனி என்று பார்க்காமல் கலந்து உட்கார்ந்தார்கள். ஆம்பளைகள் விருந்தில்கூட நான் அப்படிப் பார்த்தது கிடையாது. மேலும் இரண்டு கிடாவுக்கு ஓடினேன். அரிசி பற்றாமல் மூன்று தடவை உலை வைத்தோம். கறியில் உப்புக் குறைவு என்று தங்கப்பொண்ணு ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் குறைவுதான்.

பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். நாற்பது ஆம்பளைகள் ரோட்டோரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விடிகாலை நாலு மணியில் இருந்து அடுப்படியில் நின்றவர்கள், ஒரு வாய் சாப்பிடவில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம். வாசம் வருகிறது. யாரும் கூப்பிடவில்லை. தாமரை, அப்போது நான் உன்னைத்தான் நினைத்தேன். "எனக்கு?" என்று நீ கேட்டது எனக்கு ஞாபகமே இல்லை என்று நினைத்திருந்தேன். ஞாபகம் இருக்கிறது. நீ பச்சைப் பாவாடை கட்டியிருந்தாய். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் பெயருக்கு ஓர் இலை போட்டு, கறி வைத்து, அதற்கு முன்னால் யாரும் உட்காராமல் விட்டிருந்தார்கள். கடைசியில் உன் மதினி வேலிக்கு வந்து, "அவ பங்க நீங்களே வந்து சாப்பிடுங்க" என்றாள். எனக்குப் பசியில் கண் இருட்டியது. ஆனாலும், "பொம்பளைக விருந்துல நான் எப்படிச் சாப்பிட?" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அந்த இலையில் அவளே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் நாற்பது பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பரோட்டா சாப்பிட்டோம்.

ஒரு போட்டோ இல்லை, ஒரு வீடியோ இல்லை. உன் எலெக்‌ஷனுக்கு உதவுமே என்று முத்துக்கருப்பன் கெஞ்சினார். நான்தான் வேண்டாம் என்றேன். உன் அண்ணன் என்ன சொல்கிறான் என்று அந்த அம்மா கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

கார்ல் கேட்ட சீல் கிட் என்னிடம் இருக்கிறது. டிராக்டர் மாடல் நம்பரைக் கேட்டு எழுது.

அண்ணன்


வில்லோஃபோர்ட்
6.4.2025

அண்ணே,

உன் கடிதம் ஏப்ரல் ஒன்றாம் தேதி மத்தியானம் வந்தது. ஓட்டுச்சாவடிக்கு நூறு அடி தள்ளி நின்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். உன் மாப்பிள்ளை கொண்டுவந்து கொடுத்தார். காரில் உட்கார்ந்து படித்தேன். பச்சைப் பாவாடை என்கிற இடத்தில் அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். மன்னிப்பெல்லாம் எப்போதோ கொடுத்தாயிற்று, நீ கேட்டதே போதும்.

அன்றைக்கு அந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. அந்த நோட்டீஸ் பெண் வந்தாள், ஓட்டுப் போட்டாள், என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள். காட்டியிருந்தால் ஒரு ஓட்டு கூடியிருக்கலாம். ஆனால் அது எனக்கு எழுதிய கடிதம். தொள்ளாயிரம் பேர் சாப்பிட்டதை நீயே படமெடுக்காமல் விட்டிருக்கும்போது, நான் அதை வைத்து ஓட்டுக் கேட்பேனா?

ஒன்பது ஓட்டு பின்தங்கி இருக்கிறேன். கார்லுக்கு 1,412, எனக்கு 1,403. தபாலில் வருகிற ஓட்டு இன்னும் கொஞ்சம் பாக்கி, இரண்டு வாரம் எண்ணுவார்கள். அது இந்த ஒன்பதைப் புரட்டும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கிளை நூலகத்தில் நேற்று ஒரு பர்மாக்கார அம்மா எனக்கு ஆரஞ்சுப்பழம் உரித்துக் கொடுத்தாள். மூடிவிடுவார்களே என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது அண்ணே. எனக்குப் பதவி இல்லாதது வருத்தமே இல்லை. அவர்கள் எங்கே போவார்கள்?

மதினியிடம் நானே பேசுகிறேன் என்று சொல். அவள் நம்பரை நான் பிளாக் செய்யவே இல்லை. கார்லின் டிராக்டர் நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறது.

தாமரை


திருமங்கலம்
21.4.2025

தாமரைக்கு,

தோல்விச் செய்தி கிடைத்தது. மனசைத் தேற்றிக்கொள். ஒன்பது ஓட்டு என்பது ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வருகிற கூட்டம். நீ தோற்றாலும் எனக்கு நீதான் தலைவி. கார்லுக்குச் சீல் கிட் அனுப்பிவிட்டேன், அவன் மேல் எனக்குக் கோபம் இருந்தாலும் டிராக்டர் மேல் இல்லை.

ஆனால் இங்கே பெண்களுக்கு என்னமோ ஆகிவிட்டது. உன் கடிதத்தை உன் மதினியிடம் படித்துக் காட்டினேன். நெஞ்சு அடைக்கிறது என்று நீ எழுதிய இடத்தை இரண்டு தடவை படித்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தால், உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம்! என் தங்கச்சி தோற்றதில் உனக்கு என்னடி சிரிப்பு என்று கத்திவிட்டேன். அதற்கும் சிரிக்கிறாள்.

அவள் மட்டும் என்றால் பரவாயில்லை. தங்கப்பொண்ணு கடைக்கு வந்து என் கையில் லட்டைக் கொடுத்து, "சும்மா சாப்பிடுண்ணே, ஒண்ணும் கேக்காத" என்கிறாள். போஸ்ட் ஆபீஸ் அம்மா என்னைப் பார்த்ததும், "அமெரிக்காவுல இருந்து லெட்டர் இன்னும் வரலையா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறார். டவுன் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளைக்குப் போன் போட்டால், எப்போதும் ரெண்டு வார்த்தையில் வைக்கிறவர் அரைமணி நேரம் டிராக்டர் எண்ணெயைப் பற்றிப் பேசுகிறார். அவருக்கும் டிராக்டருக்கும் என்ன சம்பந்தம்?

விருந்தில் உப்புக் குறைந்ததற்கா இந்தச் சிரிப்பு? நீயாவது சொல். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அண்ணன்


வில்லோஃபோர்ட்
5.5.2025

அன்புள்ள அண்ணே,

உட்கார்ந்துகொண்டு படி. கடையில் படிக்காதே, மதினி பக்கத்தில் இருக்கும்போது படி.

நான் தோற்கவில்லை. ஏப்ரல் பதினைந்தாம் தேதி சாயங்காலம் தபால் ஓட்டை எண்ணி முடித்தார்கள். நாற்பது ஓட்டு வந்திருந்தது. எனக்கு இருபத்தாறு, கார்லுக்குப் பதினான்கு. மூன்று ஓட்டில் ஜெயித்துவிட்டேன் அண்ணே! கார்லே வந்து கை கொடுத்தார். வரும் பத்தொன்பதாம் தேதி முதல் கூட்டம். மற்ற ஆறு பேரில் மூன்று பேர் கிளையை மூடவேண்டும் என்கிறார்கள், மூன்று பேர் வேண்டாம் என்கிறார்கள். என் கை எந்தப் பக்கம் உயரும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. பர்மாக்கார அம்மாவிடம் சொன்னபோது என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். அவள் என்னைவிடக் குள்ளம்.

முடிவு தெரிந்த அந்த நிமிஷமே போனை எடுத்தேன். அங்கே பதினாறாம் தேதி விடிகாலை. மதினியைத்தான் கூப்பிட்டேன். "ஆத்தி!" என்று அவள் கத்தியது மாப்பிள்ளைக்கே கேட்டது. பக்கத்தில் தூங்கிய உனக்கு மட்டும் கேட்கவில்லை. போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள். "வேணாம் தாமரை. அவருக்கு நீ லெட்டர்லயே எழுது. அதுவரைக்கும் இது எங்களோட இருக்கட்டும்" என்றாள்.

சத்தியமாக நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் வைத்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் தங்கப்பொண்ணுவிடம் சொல்லி, தங்கப்பொண்ணு மகளிர் குழுவிடம் சொல்லி, இப்போது உன் தோட்டத்தில் சாப்பிட்ட தொள்ளாயிரம் பேருக்கும் தெரியும். போஸ்ட் ஆபீஸ் அம்மாவுக்கும் தெரியும். ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை, ஒருத்திகூட குரூப்பில் போடவில்லை. மாப்பிள்ளையிடம் நான் சத்தியம் வாங்கிவிட்டேன். பாவம், அதனால்தான் டிராக்டர் எண்ணெய். நீ ஆறுதல் சொல்லி எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு இங்கே நானும் டோரத்தியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

கோபப்படாதே அண்ணே. திருமங்கலத்தில் இந்தச் செய்தி தெரிந்த முதல் ஆம்பளை நீதான்.

உன் தங்கை,
தாமரை